சித்தப்பாவின் ஹெரால்டுக்கு அகல டயர்... மெக்கானிக் பாய் ஏன் மறுத்தார்?

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு போட்டோ போட்டார். குட் மார்னிங் ரோஜாப்பூ இல்லை. கன்னங்கரேலென்று, அகலமாக, பந்தயக் காருக்குப் போடுவது போன்ற ஒரு டயர். கீழே ஒரே வரி: "நம்ம ஹெரால்டுக்கு!"

அப்பா கைதட்டும் எமோஜி போட்டார். அத்தை பையன் ராக்கெட் விட்டான். பாட்டி மட்டும் வாய்ஸ் மெசேஜில், "எதுக்குடா இவ்ளோ குண்டா இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஷெட்டில் ஹெரால்டோ, பத்மினியோ, பழைய ஃபியட்டோ தூங்கிக்கொண்டிருந்தால் உபயோகப்படும். இல்லையென்றாலும் படியுங்கள். இன்று ஓட்டுகிற காருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலில் வண்டி. தாத்தா 1967-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-ல் வந்த கார். இத்தாலியரான மிச்செலோட்டி வடிவமைத்தது. இந்தியாவில் 1961 முதல் அதைத் தயாரித்தது நம்ம சென்னைக் கம்பெனி, ஸ்டாண்டர்டு மோட்டார். தொழிற்சாலை வண்டலூர் பக்கம். 948 சிசி இன்ஜின், பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் இன்ஜினோடு முன்சக்கரங்களும் மொத்தமாக வெளியே தெரியும். ஸ்டியரிங்கை ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். "ஆட்டோகாரனுக்கே பொறாமையா இருக்கும்" என்பார் தாத்தா.

அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பாட்டிக்கு வருகிற மாதம் எண்பது. "அந்த வண்டில ஒரு தடவை ஏலகிரி போகணும்" என்பது அவர் கேட்ட ஒரே பரிசு. 14 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் எண்பது வயதுப் பாட்டி. டயரோ தாத்தா காலத்து டயர். மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதே மாற்றுகிறோம், 'பெர்ஃபாமன்ஸ்' டயராகப் போட்டால் வளைவில் கிரிப் நன்றாக இருக்குமே என்பது சித்தப்பாவின் கணக்கு. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

"நான் போட மாட்டேன் சார்!"

புதுப்பேட்டையில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் பாய். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வண்டியைத் தொடுகிற ஒரே கை. சித்தப்பா போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன சைஸ் சார் இது?"

"175/60 ஆர் 13, பாய். ரேஸ்ல போடுற மாதிரி கலவை. சும்மா ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கும். அதான் சார் பிரச்னை. நான் போட மாட்டேன்."

கிரிப் அதிகமாக இருப்பது பிரச்னையா? சித்தப்பா முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பாய் பதில் சொல்லவில்லை. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னார். "குனிஞ்சு பாரும்மா" என்றார் என்னிடம்.

வண்டி மேலே போகப் போக, பின்சக்கரங்கள் இரண்டும் தொங்கி, அடிப்பக்கம் உள்ளே மடங்கின. குடையை மூடும்போது கம்பிகள் கீழே இறங்குமே, அதே மாதிரி. சக்கரம் நேராக நிற்காமல், டயரின் வெளி விளிம்பு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

இதற்குப் பெயர் ஸ்விங் ஆக்ஸில். நடுவில் டிஃபரென்ஷியல், அதற்கு மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஆக்ஸில் தண்டு டிஃபரென்ஷியல் பக்கத்தில் மட்டும்தான் மடங்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது, கதவு கீலில் ஆடுவதுபோலச் சாய்ந்துகொண்டே போகும். அந்தக் காலத்தில் ஒரு சின்னக் காருக்குப் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடுகிற சஸ்பென்ஷன் என்றால் பெரிய விஷயம். குண்டும் குழியுமான ரோட்டில் சொகுசு. ஆனால் வளைவில் அதற்கு ஒரு குணம் உண்டு.

வேகமாக வளைகிறீர்கள். வெளிப்பக்கப் பின்சக்கரத்தில் பாரம் ஏறுகிறது. டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி சக்கரத்தின் அடியை உள்ளே தள்ளுகிறது. சக்கரம் உள்ளே மடங்க, வண்டியின் பின்பக்கம் மேலே எழும்புகிறது. எழும்பினால் சக்கரம் இன்னும் மடங்கும். இதே நேரத்தில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், அல்லது பிரேக் போட்டால், எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும். சட்டென்று வால் வெளியே போகும்.

இப்போது யோசியுங்கள். டயரின் பிடி எவ்வளவு அதிகமோ, அடியை உள்ளே தள்ளுகிற விசையும் அவ்வளவு அதிகம். சாதா டயர் என்றால் அந்த எல்லைக்குப் போகும் முன்பே கீச்சென்று கத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி, 'போதும் தம்பி' என்று எச்சரிக்கும். ரேஸ் கலவை டயர் கடைசி வரை பிடித்து வைத்திருக்கும். விடும்போது மொத்தமாக விடும். அதற்குள் சக்கரம் மடங்கியிருக்கும்.

"டயர் விடலன்னா வண்டி தூக்கும் சார். இந்த வண்டிக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுக்குற டயர்தான் நல்லது" என்றார் பாய்.

இது ஹெரால்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. அமெரிக்காவில் 1960-ல் வந்த செவ்ரோலே கோர்வேர் காரிலும் ஸ்விங் ஆக்ஸில்தான். அதற்கு முன்டயரில் 15, பின்டயரில் 26 பிஎஸ்ஐ காற்று அடிக்கச் சொன்னார்கள். பின்பக்கப் பிடிக்கு முன்பே முன்பக்கம் கொஞ்சம் வழுக்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வித்தியாசம். காற்று அடிக்கிறவர்கள் நாலு டயரிலும் ஒரே அளவு அடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய கார் பாதுகாப்புப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்த காரைப் பற்றித்தான். ஹெரால்டின் கையேட்டிலும் முன்டயருக்குக் குறைவு, பின்டயருக்கு அதிகம் என்றுதான் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் "எல்லாத்துலயும் 30 அடிப்பா" என்று சொல்லிவிட்டு போன் பார்க்கிற நான், அன்றைக்குக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ட்ரையம்ப் கம்பெனிக்கும் இது தெரியும். ஹெரால்டின் உறவுக் காரான ஸ்பிட்ஃபயரில் 1970 மாடலிலிருந்து ஸ்பிரிங்கின் சில பட்டைகள் நடுவில் ஆடும்படி மாற்றினார்கள். நம் ஊரில் வேறு வழி. 1972-ல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்டு கஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, லாரி மாதிரி ஒரே தண்டாக உள்ள ஆக்ஸிலைப் போட்டார்கள். உங்கள் வீட்டில் இருப்பது கஸல் என்றால் இதுவரை சொன்ன பயம் உங்களுக்கு இல்லை. பத்மினிக்கும் இல்லை, அதிலும் ஒரே தண்டு ஆக்ஸில்தான். சந்தேகமாக இருந்தால் எங்களைப் போல ஜாக்கி போட்டுப் பாருங்கள். பின்சக்கரம் தொங்கும்போது நேராக நிற்கிறதா, காலை உள்ளே மடக்குகிறதா என்று தெரிந்துவிடும்.

பாட்டி சொன்ன கதை

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். "இதுக்குத்தான் அவர் வளைவுல கால எடுக்க மாட்டாரு" என்றார் சாதாரணமாக.

தாத்தா வளைவு வருவதற்கு முன்பே ஆமை மாதிரி வேகத்தைக் குறைப்பார். வளைவுக்குள் நுழைந்ததும் லேசாக ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக்கொண்டே வெளியே வருவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் கண்டுகொள்ள மாட்டார். நாங்கள் எல்லாம் அதைக் கிண்டல் செய்து நடித்துக் காட்டுவோம்.

1969-ல் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது தூறல். பாட்டி மடியில் அப்பா, ஒரு வயசுக் குழந்தை. ஒரு வளைவில் வேகம் கொஞ்சம் கூடிப்போய், தாத்தா சட்டென்று காலை எடுத்திருக்கிறார். வண்டி அரை வட்டம் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றதாம். யாருக்கும் ஒன்றும் இல்லை. தாத்தா பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "தப்பு வண்டி மேல இல்ல, என் கால் மேல" என்று மட்டும் சொன்னாராம். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க ஆமைதான். இந்தக் கதையை அப்பாவுக்குக்கூட யாரும் சொல்லவில்லை. "சொன்னா வண்டிய வித்துடுவீங்கன்னு பயம்" என்றார் பாட்டி.

சித்தப்பா அன்று இரவே குரூப்பிலிருந்து அந்த டயர் போட்டோவை நீக்கிவிட்டார்.

சரி, என்ன டயர்தான் போடுவது?

இங்கேதான் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

டயரின் பக்கவாட்டில் 145/80 ஆர் 13 என்று இருந்தால், 145 என்பது மில்லி மீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் 80 சதவிகிதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 116 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக மொத்த விட்டம் சுமார் 562 மி.மீ. சித்தப்பா ஆசைப்பட்ட 175/60-ல் பக்கச்சுவர் 105 மி.மீ.தான். மொத்தம் 540. அகலம் 30 மி.மீ. கூடுகிறது, உயரம் 22 மி.மீ. குறைகிறது. வண்டி 11 மி.மீ. தரைக்குக் கிட்டே வரும். நம் தெரு ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் சொல்வதைவிட நிஜ வேகம் 4 சதவிகிதம் குறைவாக இருக்கும். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். 948 சிசி இன்ஜினுக்கு ஏன் இந்தத் தண்டனை?

ஹெரால்டு வந்தபோது அதில் இருந்தது 5.20-13 என்ற கிராஸ்-ப்ளை டயர். அகலம் 5.2 அங்குலம், சுமார் 132 மி.மீ. நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற பழைய ரகம். அதற்குப் பதிலாக இன்று போடக்கூடிய ரேடியல் 145/80 அல்லது 155/80 ஆர் 13. நல்ல செய்தி என்னவென்றால், இரண்டுமே நம் ஊர் டயர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற அளவுகள். வேகன்-ஆர் வகையறா கார்களின் புண்ணியம்.

இரண்டில் எது என்பதை முடிவு செய்வது ரிம். இதை யாரும் பார்ப்பதில்லை. ஹெரால்டின் ஒரிஜினல் ரிம் மூன்றரை அங்குலம்தான் அகலம். 145 டயருக்கு அது போதும். 155-க்கு நாலு அங்குலமாவது வேண்டும். 175/60 என்றால் குறைந்தது ஐந்து. குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால், பக்கச்சுவர் பலூன் மாதிரி பிதுங்கும். வளைவில் டயர் ரிம்மின் மேலேயே ஆடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் ரோட்டில் பதியாது.

'அப்போ ரிம்மையும் மாத்திடலாமே' என்று சித்தப்பா கேட்டார். நீங்களும் கேட்பீர்கள். ஹெரால்டு வீலில் நாலு போல்ட். அந்த நாலும் உட்காரும் வட்டத்தின் விட்டம் 95.25 மி.மீ., அதாவது மூணே முக்கால் அங்குலம். இன்றைய சின்னக் கார்களில் பலவற்றுக்கு 100 மி.மீ. அல்லது 114.3. பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், உட்காராது. சில இடங்களில் அலாய் வீலில் புது ஓட்டை போட்டுத் தருகிறேன் என்பார்கள். ஓடிவந்துவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து ஸ்பிட்ஃபயரின் நாலரை அங்குல ரிம் தேடிப்பிடித்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியாகப் பொருந்தும். எங்களுக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, பாட்டியின் பிறந்தநாள் காத்திருக்கவும் இல்லை.

அடுத்து வேக எழுத்து. 145/80 ஆர் 13 75டி என்று இருந்தால், 75 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 387 கிலோ. நாலு டயருக்கும் சேர்த்து ஒன்றரை டன்னுக்கு மேல். ஹெரால்டு வெறும் வண்டி சுமார் 800 கிலோதான். 'டி' என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை தாங்கும். 'ஹெச்' 210, 'வி' 240. நம் ஹெரால்டு செங்குத்துப் பள்ளத்தில் உருண்டால்கூட 'டி'-யின் எல்லையைத் தொடாது. ஆனாலும் கடையில், "வி ரேட்டிங் சார், ஸ்ட்ராங்கு" என்று சொல்வார்கள். அந்த எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள்.

பெர்ஃபாமன்ஸ் டயரின் ரப்பர் கலவை பற்றியும் ஒரு வார்த்தை. சில டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். எண் சின்னதாக ஆக ஆக ரப்பர் பொதுவாக மென்மை, பிடி அதிகம், ஆயுள் குறைவு. ரேஸ் டிராக்குக்கான ரப்பர் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 800 கிலோ வண்டி, ஆமை வேகத்தில், அதைச் சூடாக்கவே முடியாது. போதாததற்கு மழை. லேசான வண்டிக்கு அகல டயர் போட்டால், தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் நீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் மேலே மிதக்கப் பார்க்கும். வேளச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மினிக்கு மட்டும் எப்படி?

இவ்வளவு சொன்ன பிறகும் சித்தப்பா விடவில்லை. "யூடியூப்ல பாரு, வெள்ளக்காரன் மினி கூப்பர்ல குண்டு டயர் போட்டுட்டு எப்படிப் பறக்குறான்!"

அதுவும் உண்மைதான். ஹெரால்டு வந்த அதே 1959-ல் வந்த மினிக்குச் சக்கரம் வெறும் 10 அங்குலம். அவ்வளவு சின்ன டயரை டன்லப் கம்பெனி அந்த காருக்காகவே செய்து கொடுத்தது. அந்தக் குட்டிக் கார்தான் 1964-ல் பேடி ஹாப்கிர்க் ஓட்டி மான்டே கார்லோ ராலியை ஜெயித்தது. இன்றும் 10 அங்குல மினி வைத்திருப்பவர்கள் 165/70 ஆர் 10 அளவில் யோகோஹாமா போன்ற கம்பெனிகளின் ஸ்போர்ட்ஸ் டயரைத் தேடி வாங்குகிறார்கள். அங்கே அது பொருந்துகிறது. காரணம், மினி முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. பின்சக்கரம் முன்னும் பின்னும் நீளும் ஒரு கையில் மாட்டியிருப்பதால், மேலும் கீழும் போகும்போது சாயாமல் நேராகவே நிற்கும். குடை மாதிரி மடங்காது. கூடுதல் பிடியை அந்த வண்டி ஜீரணித்துக்கொள்ளும். ஒரே வயசு, ஒரே ஊர், இரண்டுமே சின்னக் கார். வயிறு வேறு.

நம் ஊர் சோழவரத்திலும் ஒருகாலத்தில் ஹெரால்டுகள் ரேஸ் ஓடியவைதானே என்று கேட்கலாம். இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்கள் அவை. ரேஸுக்குப் போகிற ஹெரால்டை வீட்டு ஹெரால்டாக விடக்கூடாது. பின்பக்கத்தைத் தாழ்த்தி, சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படி செய்துவிட்டுத்தான் நல்ல டயர் போட வேண்டும். வளைவில் மடங்கினாலும் அப்போதுதான் நேராகும். நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது என்று கூடுதலாக ஒரு பட்டை செருகுவார்கள். வண்டி பின்னால் உயர்ந்து, கம்பீரமாக நிற்கும். சக்கரமோ முன்பைவிட மடங்கத் தயாராக இருக்கும். எங்கள் வண்டியிலும் ஒரு பட்டை அப்படிச் செருகியிருந்தது. பாய் முதல் வேலையாக அதை உருவினார்.

நாலு எண்ணைப் படியுங்கள்

எங்கள் பழைய டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது. சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் வேண்டும், அதைவிட மூன்று மடங்கு இருந்தது. பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று அப்பா கேட்டார். பாய் டயரின் ஓரத்தை விரலால் வளைத்துக் காட்டினார். காய்ந்த வயல் மாதிரி வெடிப்பு.

இப்படிப்பட்ட வண்டிகள் வருடத்துக்குச் சில நூறு கிலோ மீட்டர்தான் ஓடும். டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்பது பல டயர் கம்பெனிகள் சொல்கிற கணக்கு. ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் காட்டுவது நல்லது. கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டு, உங்கள் காரின் ஸ்டெப்னியில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் பார்த்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், அப்பா படிப்பார்.

புது டயர் வாங்கும்போதும் இதே எண்தான். அதிகம் விற்காத அளவு என்றால் கடையில் வருடக்கணக்கில் கிடந்ததாக இருக்கலாம். ஒரு கடையில் எங்களுக்கு நாலு வருடப் பழைய சரக்கை 'புதுசு' என்று எடுத்துக் கொடுத்தார்கள். எண்ணைப் படித்துக் காட்டியதும் சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்துப் போனார்கள். ஐ.எஸ்.ஐ முத்திரையையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து ஸ்பெஷல் கிளாஸிக் டயர் வரவழைக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது என்றானது.

இன்னொரு முக்கியமான விஷயம். நாலு டயரும் ஒரே ரகம், ஒரே அளவு. 'இப்போதைக்கு முன்னாடி ரெண்டு மட்டும் ரேடியல் போடலாம், பின்னாடி பழைய கிராஸ்-ப்ளை இருக்கட்டும்' என்பது சிக்கனம் இல்லை. முன்பக்கம் நன்றாகப் பிடித்து, பின்பக்கம் வழுக்கும். எந்த வண்டியிலும் ஆபத்து. ஸ்விங் ஆக்ஸிலில் கேட்கவே வேண்டாம்.

ட்யூபும் அப்படித்தான். இன்றைய ரிம்மில் டயரின் விளிம்பு உள்ளே நழுவாமல் இருக்க ஒரு சின்ன மேடு இருக்கும். அந்தக் காலத்து ரிம்மில் அது இல்லை. ட்யூப்லெஸ்ஸாக ஓட்டினால், காற்று குறைந்திருக்கும்போது வளைவில் விளிம்பு பிடுங்கிக்கொள்ளலாம். பாய் ரேடியலுக்கான புது ட்யூப் போட்டார். போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு பிசிறு இருந்தாலும் ட்யூபை உரசி உரசி ஓட்டை போட்டுவிடுமாம்.

மிச்சப் பணம் எங்கே போனது?

கடைசியில் போட்டது 145/80 ஆர் 13. நம் நாட்டு டயர். சாதா டயர். சித்தப்பா வைத்திருந்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் மிச்சம். அதைப் பாய் வேறு இடத்தில் செலவு செய்ய வைத்தார்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது டிரன்னியன் என்கிற பித்தளை வகை உலோகத் துண்டு. அதற்குள் ஒரு இரும்புத் தண்டு மரை போட்டு இறங்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுற்றும். அதற்குப் போட வேண்டியது இபி 90 கியர் ஆயில். ஆனால் பார்க்க கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருப்பதால், சர்வீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றுக்கும் அடிப்பதுபோல் இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது. தண்ணீர் இறங்கும். துரு பிடிக்கும். ஒருநாள் தண்டு ஒடிந்து, முன்சக்கரம் படுத்துவிடும். பிடி அதிகமான அகல டயர் போட்டிருந்தால் அந்தத் தண்டில் விழும் பாரமும் அதிகம்.

எங்கள் வண்டியில் கழற்றிப் பார்த்தபோது இடதுபக்கத் தண்டில் துரு. ஆழமாக இல்லை, ஆனால் இருந்தது. பாய் எதுவும் பேசாமல் சித்தப்பா கையில் அதைக் கொடுத்தார். சித்தப்பா ரொம்ப நேரம் கட்டை விரலால் அதைத் தேய்த்துக்கொண்டே நின்றார். இரண்டு பக்கமும் மாற்றினோம். முன்வீல் பேரிங், பிரேக் லைனர், பிரேக் சிலிண்டர் எல்லாம் புதுசு. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால் அதுவும் தேவைதான். கடைசியாக வீல் அலைன்மென்ட். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைப் பையன் லிஸ்ட்டில் ஹெரால்டு என்ற பெயரைத் தேடித் தேடிக் களைத்துவிட்டான். பாய் தன் பழைய நோட்டை எடுத்து, அளவுகளைப் படித்துச் சொன்னார்.

"இதான் சார் உங்க பெர்ஃபாமன்ஸ் டயர்" என்றார் சித்தப்பாவிடம், துருப்பிடித்த பழைய தண்டைக் காட்டி.

சாக்பீஸ் கோலம்

கிளம்புவதற்கு முன்நாள் பாய் ஒரு வேலை சொன்னார். காற்று கையேட்டில் சொன்ன விகிதத்தில் அடித்தாயிற்று. ஆனால் ரேடியலுக்கு அது கொஞ்சம் கூட வேண்டியிருக்கும், எவ்வளவு என்பதை ரோட்டில்தான் பார்க்க வேண்டும். டயரின் தோள்பட்டையில், பட்டன் முடிந்து பக்கச்சுவர் ஆரம்பிக்கிற இடத்தில், சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போடச் சொன்னார். வளைவுகளில் ஓட்டிவிட்டு, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தோள்பட்டையைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோள்பட்டையையே தொடவில்லை என்றால் அதிகம். செலவு, ஒரு சாக்பீஸ்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பினால் மலை ஆரம்பம். ஏலகிரியில் வளைவுகளுக்கெல்லாம் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். ஒவ்வொரு பெயர்ப் பலகை வரும்போதும் பாட்டி சத்தமாகப் படித்தார். சித்தப்பா வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, வளைவுக்குள் லேசாக ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக்கொண்டே வெளியே வந்தார். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்டுகொள்ளவில்லை. பாட்டி என் கையைத் தட்டி, சித்தப்பாவின் முதுகைக் கண்ணால் காட்டினார்.

மேலே ஏறி, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் சித்தப்பா முதல் ஆளாக இறங்கி டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்டயரில் சாக்பீஸ் சரியாகத் தோள்பட்டை வரை அழிந்திருந்தது. முன்டயரில் அரை விரல் தாண்டியிருந்தது. "முன்னாடி ரெண்டு பாயின்ட் ஏத்தணும்" என்று எனக்குக் கணக்குச் சொன்னார். பாய்க்கு போட்டோ எடுத்து அனுப்பினார்.

பாட்டி மெதுவாக இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாருடா இது டயருக்கெல்லாம் கோலம் போட்டது? பாதி அழிஞ்சு போச்சு பாரு, திரும்பப் போடுங்க."

போட்டுவிட்டுத்தான் இறங்கினோம்.